உரம் போட்டால் சாகும் செடி

மொட்டை மாடியில் தோட்டம் போடுகிற எவரிடமும் ஒரு கைவைத்தியம் இருக்கும். செடி சோர்ந்தால் மண்புழு உரம் ஒரு பிடி, இலை வெளுத்தால் பஞ்சகவ்யம், ஒன்றும் தோன்றாவிட்டால் அரிசி களைந்த தண்ணீர். கத்திரிக்கும் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் இதெல்லாம் பலிக்கும். இதே உபசாரத்தை ஓர் அழுகண்ணிச் செடிக்குச் செய்து பாருங்கள், சில வாரங்களில் கறுத்துச் செத்துவிடும். உரம்கூட வேண்டாம். உப்புத் தூக்கலான போர் தண்ணீரை ஊற்றிவந்தாலே போதும்.

அழுகண்ணி என்று நம் பக்கம் அடையாளம் காட்டப்படுவது ட்ரோசெரா என்ற பேரினத்தைச் சேர்ந்த பூச்சியுண்ணிச் செடி. இலை முழுக்கச் சிவந்த ரோமங்கள், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு பளபளப்பான துளி. உச்சி வெயிலிலும் காயாத பனி மாதிரி தெரியும் அந்தத் துளி, பூச்சியை ஒட்டிப் பிடிக்கும் பசை. உலகம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட ட்ரோசெரா இனங்கள் இருக்கின்றன. அண்மைக் காலமாக இணையத்தில் செடி வாங்குகிறவர்களிடம் இதற்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. வாங்கியவர்களில் பலருடைய செடி மூன்று மாதம் தாண்டுவதில்லை. காரணம் கவனக்குறைவு இல்லை, அதிகப்படியான கவனிப்பு.

இந்தச் செடியின் வேரை ஒருமுறை பார்த்தால் பாதி விஷயம் புரியும். மெல்லிய, கறுத்த, சொற்பமான இழைகள். செடியை நிலத்தில் நிறுத்தி வைக்கவும் தண்ணீர் உறிஞ்சவும்தான் அவை லாயக்கு. ட்ரோசெரா வளர்வது எப்போதும் ஈரம் சொதசொதத்த, அமிலத்தன்மை கொண்ட, சத்தற்ற மண்ணில். மழை அங்குள்ள உப்புகளையும் நைட்ரஜனையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. புல்பூண்டுகூடச் செழிக்காத அந்த இடத்தில் வேரை நம்பிப் பயனில்லை. ஆகவே நைட்ரஜனும் பாஸ்பரசும் சம்பாதிக்கும் வேலை இலைக்கு மாறிவிட்டது. மாவுச்சத்தை மற்றச் செடிகளைப் போலவே சூரிய ஒளியில் சமைத்துக்கொள்கிறது. பூச்சியிலிருந்து அது எடுப்பது, நாம் உரமூட்டையில் வாங்கிப் போடும் அதே சரக்கைத்தான். மண்ணில் உப்பு ஏறினால் இந்த வேர்களால் தாங்க முடியாது. வளர்ப்பு முறைகள் என்று சொல்லப்படும் அத்தனையும் இந்த ஒரே உண்மையிலிருந்து கிளைத்தவை.

இந்தியாவில் இயற்கையாக வளர்பவை மூன்று இனங்கள். இலங்கையிலும் இதே மூன்று. ட்ரோசெரா பெல்டேட்டா மலைவாசி. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் மழைக் காலத்தில் தலைகாட்டும், ஈரம் வற்றியதும் மண்ணுக்கடியில் ஒரு சிறு கிழங்காக ஒடுங்கிவிடும். சமவெளியில் அதை வளர்க்க ஆசைப்படாமல் இருப்பது நல்லது. மற்ற இரண்டும் நமக்கு ஏற்றவை. ட்ரோசெரா பர்மானி தரையோடு ஒட்டிய சிறு ரோஜாவடிவச் செடி, குறுக்களவு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். இலை ஆப்பு வடிவில் இருக்கும், நல்ல வெயிலில் ரத்தச் சிவப்பாகும். ட்ரோசெரா இண்டிகா நூல் போன்ற நீண்ட இலைகளோடு நிமிர்ந்து வளரும், வளர வளரத் தன் பாரம் தாங்காமல் சாயும். செம்மண் பூமியில் நீர் கசியும் இடங்களிலும், செம்பொறைப் பாறைகளின் ஈரச் சரிவிலும், குளத்து விளிம்பு மணலிலும் இவற்றைப் பார்க்கலாம். பர்மானியின் பெயருக்குப் பின்னால் இலங்கை இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த தாவரவியலர் யோஹானஸ் பர்மன் 1737இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்தச் செடி அவர் நினைவாகப் பெயர் பெற்றது.

வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் முதலில் வாங்கச் சொல்லும் இனம் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்த ட்ரோசெரா கேபன்சிஸ். அவர்கள் ஊரில் அது களைபோல் வளரும். சென்னையிலோ திருச்சியிலோ மே மாத இரவில்கூடத் தணியாத வெக்கையில் அது திணறுகிறது. பெங்களூரு, கோவைக்காரர்கள் தாராளமாக வளர்க்கலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு இனங்களான அடெலே, ஸ்கைசாண்ட்ரா, ப்ரோலிஃபெரா மூன்றும் படத்தில் மயக்கும். அவற்றுக்கு நிழலும் குளிர்ச்சியும் இடைவிடாத ஈரக்காற்றும் வேண்டும். கொடைக்கானலிலோ நுவரெலியாவிலோ இருப்பவர்கள் யோசிக்கலாம். வெப்பத்தை விரும்பும் அயல்நாட்டு இனம்தான் வேண்டும் என்றால், வட ஆஸ்திரேலியாவின் பெட்டியோலாரிஸ் கூட்டத்தைத் தேடுங்கள். வெள்ளி நிறப் பட்டுமயிர் போர்த்திய செடிகள் அவை. ஆனால் இவற்றில் எதுவும் முதல் செடியாக வேண்டாம். முதல் செடி பர்மானியாக இருக்கட்டும். நம்முடைய கத்திரி வெயில் அதற்குப் பிறந்த வீட்டு வெயில்.

அதன் இலையை வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடுவில் குட்டையான ரோமங்கள் நெருக்கமாக நிற்கும். இவற்றை ரோமம் என்பதைவிட உணர்கொம்பு என்பதே சரி, ஏனெனில் ஒவ்வொன்றும் நீர்க்குழாய் ஓடும் தண்டு, உச்சியில் ஒரு சுரப்பி. இலையின் ஓரத்தில் இருப்பவை நீளமானவை, தட்டையாகப் படுத்திருக்கும். தொட்டி மண்ணில் பறக்குமே சின்னக் கறுப்பு ஈக்கள், அவற்றில் ஒன்று வந்து அமர்கிறது. ஒரு கால் ஒட்டுகிறது. உதறுகிறது. வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியோடு இழையுமே, அப்படி நூல் நீள்கிறது, அறுவதில்லை. அடுத்த காலை ஊன்றுகிறது, அதுவும் போயிற்று. அதற்குள் ஓரத்து உணர்கொம்புகள் வளைந்து பூச்சியை நடுவுக்குத் தள்ளிவிடுகின்றன. பெரும்பாலான ட்ரோசெராக்களில் இந்த அசைவுக்கு நிமிடங்கள், சிலவற்றில் மணி நேரங்கள் ஆகும். பர்மானியில் சில விநாடி. கண்ணெதிரே செடி நகர்வதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தொட்டாற்சிணுங்கிக்கு அடுத்தபடி இதைச் சிபாரிசு செய்யலாம்.

பூச்சி பட்டினியால் சாவதில்லை. அதன் உடம்பின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகளைப் பசை அடைத்துவிடுவதால் மூச்சுமுட்டிச் சாகிறது. பிறகு அதே சுரப்பிகள் அமிலமும் செரிமான நொதிகளும் சுரக்கின்றன. புரதத்தைப் பிளக்க ஒன்று, பாஸ்பேட்டைப் பிரிக்க ஒன்று, பூச்சியின் கைட்டின் ஓட்டைத் தளர்த்த ஒன்று. உள்ளிருப்பது கரைந்து இலைக்குள் போகிறது. சில நாளில் உணர்கொம்புகள் விலகும்போது அங்கே இருப்பது வெறும் கூடு. காற்று அடித்தாலோ மழை கழுவினாலோ அது பறந்துவிடும்.

மழைத்துளி விழுந்தால் இலை ஏன் ஏமாந்து மூடுவதில்லை? இந்தக் கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் சார்லஸ் டார்வின். உயிரினங்களின் தோற்றம் குறித்த நூல் வெளிவந்த மறு வருடம், 1860 கோடையில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிப் புதர்வெளியில் வட்ட இலை ட்ரோசெராவைப் பார்த்தார். கைக்குக் கிடைத்த 12 செடிகளில் 56 விரிந்த இலைகள், அவற்றில் 31 இலைகளில் பூச்சிகள் அல்லது அவற்றின் மிச்சம். அன்று பிடித்த பித்து பதினைந்து ஆண்டு நீடித்தது. உலகத்து உயிரினங்களின் தோற்றத்தைவிட ட்ரோசெராதான் இப்போது தனக்கு முக்கியம் என்று நண்பர் சார்லஸ் லயலுக்குக் கடிதமே எழுதினார். 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. அதில் பெரும்பகுதி ட்ரோசெராவைப் பற்றியது.

சமையலறையிலும் மருந்துப்பெட்டியிலும் இருந்த எதையும் டார்வின் விட்டுவைக்கவில்லை. பால், முட்டை வெள்ளைக் கரு, இறைச்சிச் சாறு, எச்சில், சிறுநீர் எல்லாம் சொட்டு வைத்துப் பார்த்தார். உணர்கொம்புகள் வளைந்தன. சர்க்கரைக் கரைசல், கருவேலம் பிசின், ஆலிவ் எண்ணெய், தேநீர் வைத்தார். அசைவில்லை. நைட்ரஜன் இருந்தால் பிடி, இல்லாவிட்டால் விடு என்பது செடியின் கணக்கு. மழைத்துளி எத்தனை பலமாக அடித்தாலும் அது பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எடையுள்ள தலைமுடித் துண்டைச் சுரப்பியின் மேல் வைத்தபோது உணர்கொம்பு வளைந்தது. நம்முடைய நாக்குகூட உணராத பாரம் அது.

சரி, தண்ணீருக்கு வருவோம். ட்ரோசெரா வளர்ப்பில் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

செடித் தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்க விடுவதே எளிய முறை. மண் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு ஆவியாகாது. 30க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டில் வெயில் நாளில் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு உள்ள தண்ணீரை ஊற்றினால் நாளுக்குக் கால் கிராம், மாதத்துக்கு ஏழரை கிராம் உப்பு அந்தத் தட்டிலும் மண்ணிலும் சேரும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடங்களில் 2000 வரை அனுமதி. அதாவது நாம் நிம்மதியாகக் குடிக்கும் தண்ணீர் இந்தச் செடிக்குக் கடல்நீர். காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாமே என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும்.

லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. அளக்க டிடிஎஸ் மீட்டர் என்ற பேனா அளவுக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செடி வாங்கும் முன் இதை வாங்குங்கள். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் நீர் சுத்தமானது என்று நம்பிவிட வேண்டாம். ருசிக்காகவும் தாதுக்களுக்காகவும் அதில் கொஞ்சம் வடிகட்டாத நீரைத் திரும்பக் கலக்கும் அமைப்பு பல இயந்திரங்களில் உண்டு. கேன் தண்ணீரும் கேனுக்குக் கேன் வேறுபடும். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, உப்பு மிகக் குறைவு. பலர் அதையே பிடித்து ஊற்றுகிறார்கள். ஏசியை ரசாயனம் அடித்துக் கழுவிய வாரம் மட்டும் அதைக் கொட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலானது மழைநீர். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழாய்கள் பல வீடுகளில் நிலத்தடிக்குப் போகின்றன. அதில் ஒன்றைத் திருப்பி ஒரு நீல டிரம்முக்குள் விட்டால் முடிந்தது வேலை. பத்துச் சதுர மீட்டர் தளத்தில் 20 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 200 லிட்டர். மேலே சொன்ன தட்டுக்கு நாளுக்கு அரை லிட்டர் வீதம் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய 135 லிட்டர்தான் செலவாகும். ஐப்பசி அடைமழையில் ஒரு டிரம் நிரப்பி மூடி வைத்தால் அடுத்த ஐப்பசி வரை தாங்கும். முதல் மழையின் நீர் தளத்துப் புழுதியோடு வரும், அதை ஓடவிடுங்கள். புதிதாகச் சிமென்ட் பூசிய தளம் என்றால் சுண்ணாம்பு கரையும், அப்போது திறந்தவெளியில் அகலமான டப்பை வைத்து நேரடியாகப் பிடிப்பதே நல்லது.

தட்டில் நீர் நிறுத்தினால் கொசு? நியாயமான கேள்வி. பூச்சியைத் தின்னும் செடியின் காலடியிலேயே ஏடிஸ் கொசு முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். டெங்கு ஒழிப்புப் பணிக்கு வரும் மாநகராட்சி ஊழியரிடம் இது பூச்சியுண்ணிச் செடி என்று வாதாடிப் பயனில்லை. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்பதால், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிப் புது நீர் விட்டால் சங்கிலி அறுந்துவிடும். கவிழ்க்கும் போது சேர்ந்த உப்பும் வெளியேறும் என்பது கூடுதல் லாபம். தட்டு முழுக்கச் சிலிக்கா மணலைப் பரப்பி, நீர்மட்டத்தை மணலுக்குக் கீழே வைத்துக்கொள்வது இன்னொரு வழி. செடி வீட்டுக் கொசுவை ஒழிக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள். எப்போதாவது ஒரு கொசு மாட்டும். மூன்று சென்டிமீட்டர் செடியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதற்கே பொறுக்காது.

மண் என்று சொல்வதே தப்பு, தோட்ட மண் ஒரு சிட்டிகைகூடச் சேரக்கூடாது. உலகெங்கும் புழங்குவது பீட் பாசியும் பெர்லைட்டும் சரிபாதி. பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பேக்னம் பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிச் சேர்ந்தது. இங்கே இறக்குமதியாகி வரும், விலையும் அதிகம். தோண்டத் தோண்ட அந்தச் சதுப்புகள் தாம் பிடித்துவைத்த கரியமில வாயுவை வெளிவிடுகின்றன என்ற உறுத்தலும் உண்டு. நம்மூர் மாற்று, பொள்ளாச்சிப் பக்கம் கட்டிகட்டியாக வரும் கோகோபீட். ஆனால் தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் நிறைந்திருக்கும். அதைப் போக்கிய ரகம் என்று விற்பது பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட்டில் ஊறியது, அதாவது உரமேற்றியது. சாதாரணக் கட்டியை வாங்கி, மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, அளவு இறங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அது வேலை செய்யும்.

பர்மானிக்கும் இண்டிகாவுக்கும் கலவையில் பாதிக்கு மேல் மணல் இருக்கலாம், அவை பிறந்த இடமே மணல் கலந்த ஈரத்தரைதான். மணலில்தான் கவனம். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும். எம்-சாண்ட் நொறுக்கிய பாறைத் தூசி. ஆற்று மணல் இடத்துக்கு இடம் மாறும். தண்ணீர் வடிகட்டும் தொட்டிகளில் போடும் வெள்ளைச் சிலிக்கா மணல் வாங்குவது உத்தமம். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் மணலில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அதைத் தள்ளிவையுங்கள். தொட்டி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும், மண் தொட்டி உப்பைத் தன் சுவரில் வாங்கி வைத்துக்கொள்ளும். அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பா தாராளம். கறுப்பு டப்பா மட்டும் வேண்டாம், வெயிலில் வேர் வெந்துவிடும்.

வெயில் இதற்கு எத்தனை வேண்டும் என்று கேட்டால், பசை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் போதும். அந்தத் துளியில் பெரும்பகுதி நீர், மிச்சம் ஒளிச்சேர்க்கையில் கிடைத்த சர்க்கரையைக் கோத்துக்கட்டிய மாவுப்பொருள். ஒளி குறைந்தால் சர்க்கரை குறையும், சர்க்கரை குறைந்தால் பசை குறையும், பசை இல்லாத இலை எதையும் பிடிக்காது. வரவேற்பறை மேஜையில் வைத்த ட்ரோசெரா பச்சைப்பசேலென்று நீண்டு, துளி ஒன்றும் இல்லாமல் வெறும் களைச்செடி மாதிரி நிற்பது இதனால்தான். கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்தால் பர்மானி சிவந்து மினுங்கும். ஏப்ரல், மே உச்சி வெயிலுக்கு மட்டும் பாதி ஒளியைத் தடுக்கும் பச்சை நிழல்வலை போடலாம். பால்கனி இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் வைத்து நன்றாகவே வளர்க்கிறார்கள்.

துளி காணாமல் போனால் பதற வேண்டாம். கூரியரில் வந்து சேர்ந்த செடி பெரும்பாலும் வறண்டுதான் இறங்கும். பலத்த மழை கழுவிவிட்டுப் போனாலும் ஓரிரு நாளில் திரும்பச் சுரக்கும். இடம் மாறிய செடிக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவும் புதிய இலைகளில். பழைய இலைகளைப் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை, அவை ஒவ்வொன்றாகக் கறுத்து உதிர்வது இதன் வழக்கம். நடுக்குருத்தைப் பாருங்கள். அது துளியோடு விரிந்தால் செடி சுகமாக இருக்கிறது.

தீனி விஷயத்தில் புதிதாக வளர்ப்பவர்களுக்குக் கை நமைச்சல் அதிகம். வெளியில் இருக்கும் செடிக்கு நாம் ஊட்டத் தேவையே இல்லை, எறும்பும் பழ ஈயும் தாமாக வரும். விளக்கின் கீழ் வளரும் செடிக்குத்தான் பூச்சிப் பஞ்சம். மீன் தொட்டிக்குப் போடும் தீனியைப் பொடித்து, நனைத்த பல்குத்தும் குச்சி முனையில் ஒற்றி, ஓர் இலையின் நடுவில் வைத்தால் போதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இலையைவிடப் பெரிய எதையும் வைக்கக்கூடாது, செரிக்குமுன் பூஞ்சணம் பிடித்து இலை அழுகும். கோழித்துண்டு, சோறு, பால், நெய்ச்சாதம் எதுவும் வேண்டாம். டார்வின் பாலும் இறைச்சியும் வைத்தாரே என்று கேட்கலாம், அவர் துளித்துளியாக வைத்தார், இலை வீணாவதைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை.

ஊட்டினால் பலன் உண்டா என்பதை நிரூபித்தவர் அவர் மகன் ஃபிரான்சிஸ் டார்வின். தந்தையின் புத்தகம் வந்த பிறகும் பல தாவரவியலர்கள் பூச்சி கிடைக்காவிட்டாலும் செடி நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபிரான்சிஸ் ஒரே தட்டில் வளர்ந்த செடிகளைப் பாதிபாதியாகத் தடுத்து, ஒரு பாதிக்கு வறுத்த இறைச்சித் துணுக்குகளைக் கொடுத்தார், மறுபாதியைப் பட்டினி போட்டார். 1878இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, இறைச்சி தின்ற பாதி இரண்டு மடங்குக்கும் அதிகமான விதை தந்திருந்தது. பூச்சி செடியின் வயிற்றுக்கு என்பதைவிட அதன் வாரிசுகளுக்கு என்று சொல்லலாம்.

வாரிசு என்றதும் பர்மானியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று. அது ஓராண்டுச் செடி. இரண்டு மூன்று மாதத்தில் நடுவிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று ஒரு சாண் வரை எழும்பும், அதில் வெள்ளைப் பூக்கள் வரிசையாக, காலையில் சில மணி நேரம் மட்டும் திறக்கும். யாரும் வந்து மகரந்தம் சேர்க்காவிட்டாலும் பூ மூடும்போது தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளும். விதை முற்றியதும் பல செடிகள் சாகும். எதனாலோ செத்துவிட்டது என்று வருந்தி, அடுத்த நாளே தொட்டியைக் குப்பையில் கொட்டிவிடுகிறவர்கள் நிறைய. அந்த மண்ணில் நூற்றுக்கணக்கான விதைகள் விழுந்திருக்கும். தட்டில் நீர் விட்டபடி இருந்தால் சில வாரத்தில் பச்சைப் புள்ளிகளாக முளைத்து வரும்.

விதையை நாமே எடுப்பதும் சிரமமில்லை. உலர்ந்து பழுப்பேறிய தண்டின் அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து விரலால் சுண்டினால் கறுப்புத் தூள் கொட்டும். மிளகுத் தூளைவிடப் பொடியாக இருக்கும், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. விதைக்கும்போது தாளை மடித்து, மடிப்பின் வழியாகத் தட்டித்தட்டி ஈர மண்ணின் மேல் தூவ வேண்டும். மேலே மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். தொட்டியின் வாயை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் மூடி நிழல் வெளிச்சத்தில் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். முளைத்த குஞ்சு குண்டூசித் தலை அளவுதான், ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதல் சில இலைகளிலேயே துளி இருக்கும். மிச்ச விதையைத் தாள் உறையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். கேபன்சிஸ், அடெலே போன்ற பல்லாண்டுச் செடிகளில் ஓர் இலையைக் கிள்ளி மழைநீரில் மிதக்கவிட்டாலே குட்டிகள் வரும். பர்மானியில் அந்த வித்தை எளிதில் பலிக்காது, விதைதான் வழி.

பூச்சியுண்ணிச் செடிக்கும் பூச்சி பிடிக்கும். அசுவினி குருத்துக்குள் புகுந்து சாறு உறிஞ்சினால் புதிய இலைகள் முறுக்கிக்கொண்டு வரும். உணர்கொம்பு விரியாத இளங்குருத்தில் பசை இல்லை என்பதை அது கண்டுகொண்டிருக்கிறது. வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்புத் தண்ணீரும் சுரப்பிகளைக் கெடுத்துவிடும். தொட்டியோடு செடியை மழைநீர் நிரம்பிய வாளிக்குள் ஒரு நாள் முழுக்க அமிழ்த்தி வைப்பதுதான் இதற்கு வைத்தியம். அசுவினி மூச்சுமுட்டும், ஈரத்தரையில் மழை வெள்ளத்துக்குப் பழகிய செடி பிழைத்துக்கொள்ளும்.

செடி எங்கே வாங்குவது என்ற கேள்வி கடைசியில் வந்தாலும் இதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். அழுகண்ணி சித்த மருத்துவத்தில் காயகற்ப மூலிகையாகப் பேசப்படுவது. ட்ரோசெராவில் பிளம்பாஜின் போன்ற வேதிப்பொருள்கள் இருப்பதால் ஐரோப்பாவில் இருமல் மருந்துக்கும் இதைச் சேர்க்கிறார்கள், அதற்காக மடகாஸ்கரிலிருந்து காட்டுச் செடிகளே மூட்டையாகப் போயிருக்கின்றன. நம் ஊரிலும் மூலிகைக்காக ஒரு பக்கம், அலங்காரத்துக்காக ஒரு பக்கம் பிடுங்குகிறார்கள். அது வளரும் ஈரச் செம்மண் தரைகளை மனையாகப் பிரித்துக் கல் நடுவது இன்னொரு பக்கம். பிடுங்கிய செடியால் பிடுங்கியவருக்கும் லாபமில்லை, இண்டிகா வேர் அசைந்தாலே பெரும்பாலும் பிழைக்காது. வாங்கும் செடியின் வேரில் செம்மண்ணும் புல்வேரும் ஒட்டியிருந்தால் அது எங்கோ தரையிலிருந்து தோண்டியது, திருப்பி அனுப்பிவிடுங்கள். விற்பவரிடம் செடிக்குப் பதிலாக விதை இருக்கிறதா என்று கேளுங்கள். வளர்க்கத் தெரிந்தவரிடம் கட்டாயம் இருக்கும். விலை குறைவு, தபாலில் வாடாது, முளைத்த நாளிலிருந்து உங்கள் வீட்டு வெயிலுக்கும் உங்கள் டிரம் தண்ணீருக்கும் பழகியே வளரும்.